கடல் கிருமிக்குத் தண்ணீர் தண்ணீரல்ல

போன தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு தண்ணீர்ப் பந்தலில் பெரிய மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் மோர் டம்ளர். "ஏம்மா, நீ ஃபிசிக்ஸ் படிச்ச பிள்ளை. இப்ப கடல் தண்ணியில கிருமி பார்க்கிறேன்னு உங்கம்மா சொல்றா. கிருமிதான் பார்க்கணும்னா டாக்டருக்கே படிச்சிருக்கலாமே லா." பக்கத்தில் நின்ற அத்தைமார் சிரித்தார்கள். நானும் சிரித்து நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. "சரி, அத விடு. நாங்க மண் உருண்டை போட்டோமே, நல்ல கிருமி வெச்சு. அதனால கடல் சுத்தமாச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அவர் சொல்வது 2009-இல் நடந்தது. பினாங்குக் கடலில் அந்த ஆண்டு ஊர் மக்கள் கூடிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மண் உருண்டைகளை எறிந்தார்கள். களிமண், தவிடு, கரும்புப் பாகு, அதோடு ஈ.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசல் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பந்து அளவுக்கு உருட்டி, புளிக்க வைத்துக் காயவைத்த உருண்டைகள். அந்தக் கரைசல் ஓக்கினாவாவைச் சேர்ந்த பேராசிரியர் தெருவோ ஹிகா 1980களில் உருவாக்கியது. "நல்ல கிருமியை உள்ளே அனுப்பினால் அது கெட்டதைத் தின்று கடலைச் சுத்தம் செய்துவிடும்" என்று அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். மாமா இன்றைக்கும் நம்புகிறார்.

மோர் குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. கடல் கிருமிகளைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சு முழுக்க "நல்லது, கெட்டது" என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடுகிறது. என் வேலையில் அந்த இரண்டு சொற்களும் அநேகமாக வருவதே இல்லை. எத்தனை, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரத்தில் என்று கேட்பதுதான் இயற்பியல் படித்தவர்களின் பழக்கம். அந்த மூன்று கேள்விகளையும் கடல்நீரிடம் கேட்டால் மாமாவின் கேள்விக்கும் தானாகப் பதில் வந்துவிடும்.

## ஒரு வாளிக்குள் எத்தனை

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கிருமி என்றால் நம் வீடுகளில் டெட்டால் ஊற்றிக் கொல்லவேண்டிய ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் நுண்ணுயிர். பாக்டீரியாவும் அதில் அடக்கம், ஒற்றைச் செல்லாக மிதக்கும் பாசியும் அடக்கம். கடலில் உள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நாம் யாரென்றே தெரியாது. நமக்கு நோய் தரும் எண்ணமும் இல்லை, மருந்து தரும் எண்ணமும் இல்லை. இந்தக் கட்டுரையில் வாய்க்கு வந்தபடி கிருமி என்றே எழுதுகிறேன். திட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, "உப்புத் தண்ணியில் கிருமி வாழாது" என்பது. கருவாட்டைக் கெடாமல் வைப்பது உப்புதானே, அப்படியானால் கடலும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது. கருவாட்டில் அதைப் போலப் பல மடங்கு. கடலில் பிறந்து வளர்ந்த பாக்டீரியாவுக்கு 35 கிராம் என்பது வீட்டுச் சமையல். அது இல்லாவிட்டால்தான் திண்டாட்டம்.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். ஒரு மில்லிலிட்டர் என்பது இருபது சொட்டு. தெலுக் பஹாங் படகுத்துறையில் ஒரு வாளி இறக்கிப் பத்து லிட்டர் அள்ளினால் அதில் 1,000 கோடி. உலகத்தில் மனிதர்கள் 800 கோடிப் பேர்தான். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் அதே வாளியில் அதைப் போலப் பத்து மடங்கு.

இந்த எண்களைக் கேட்டதும் பசார் காலைக்கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். கடல் பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரோமீட்டர். 10 லட்சம் பேரை ஒரு மில்லிலிட்டருக்குள் சீராக நிறுத்தினால், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி 100 மைக்ரோமீட்டர் வருகிறது. அதாவது தன் உடலைப் போல நூறு மடங்கு. நம் உயரத்துக்கு மாற்றினால் அடுத்த ஆள் 170 மீட்டருக்கு அப்பால். அத்தனை பாக்டீரியாவையும் ஒன்றாகத் திரட்டினால் அந்தத் தண்ணீரின் கன அளவில் இருபது லட்சத்தில் ஒரு பங்கைத்தான் அடைக்கும்.

ஆக, எண்ணிக்கையைப் பார்த்தால் கோடானுகோடி, தூரத்தைப் பார்த்தால் ஆளரவமற்ற எஸ்டேட். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

## செண்டோல் பாகுக்குள் நீச்சல்

இனி அந்த 170 மீட்டரை ஒரு பாக்டீரியா எப்படிக் கடக்கும்?

பட்டர்வொர்த் பெரியில், அதாவது அக்கரைக்குப் போகும் பயணிகள் கப்பலில், போனவர்களுக்குத் தெரியும். துறை நெருங்கும்போது இயந்திரத்தின் சத்தம் அடங்கிவிடும். பெரி மட்டும் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே வந்து முட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். இதற்கு எதிராளி, தண்ணீரின் பிடித்திழுக்கும் குணம். செண்டோலின் மேல் ஊற்றும் குலா மெலாக்கா பாகைக் கரண்டியால் கிளறினால் கை உணருமே, அந்தப் பிடிப்புக்குப் பாகுத்தன்மை என்று பெயர். தண்ணீருக்கும் அது உண்டு. நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். நிலைமம் எத்தனை மடங்கு பெரியது என்று சொல்லும் அந்த எண்ணுக்கு ரெனால்ட்ஸ் எண் என்று பெயர். 1883-இல் குழாய்களில் தண்ணீர் ஓடுவதை ஆராய்ந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸின் பெயரால் வந்தது. பெரிக்கு அது பத்துக் கோடிக்கு மேல் வரும். நீச்சல் குளத்தில் நமக்கு ஏறக்குறைய 10 லட்சம். பாக்டீரியாவுக்கோ லட்சத்தில் சில பங்கு. ஒன்றுகூட இல்லை, ஒன்றில் லட்சத்தில் சில பங்கு. பெரிக்கும் பாக்டீரியாவுக்கும் தண்ணீர் ஒன்றுதான். அளவு மாறியதால் அனுபவம் தலைகீழாகிவிட்டது. நாம் செண்டோல் பாகு நிரப்பிய குளத்தில் குதித்து, கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதைவிட மெதுவாகக் கையை அசைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் பாக்டீரியாவின் அன்றாடம்.

எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1952-இல் நோபல் பரிசு வாங்கியவர், முற்றிலும் வேறு ஆராய்ச்சிக்காக. அவர் 1976-இல் ஓர் உரையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா வாலை நிறுத்திவிட்டால் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகும்? ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவான தூரம். அதாவது, நிறுத்தினால் நின்றதுதான். இயற்பியல் படித்த பலபேரை உயிர்களின் பக்கம் இழுத்த உரை அது. பத்து வருடம் முன்னால் என்னையும் இழுத்தது.

இந்தப் பாகு உலகத்தில் இன்னொரு வேடிக்கை. சிப்பி மாதிரி திறந்து மூடி, திறந்து மூடி நீந்த முடியாது. திறக்கும்போது முன்னால் போன அதே தூரம், மூடும்போது பின்னால் வந்துவிடும். அதனால் பாக்டீரியா திருகாணி மாதிரி முறுக்கிய வாலை ஒரே பக்கமாகச் சுழற்றிக்கொண்டே போகிறது. அந்த வால் அலைவதில்லை, உண்மையாகவே சுழல்கிறது என்று 1973-இல் வாதிட்டவர்களில் ஒருவரான ஹோவர்ட் பெர்கும் இயற்பியலாளர்தான். மாமாவிடம் இதைச் சொல்லியிருக்கவேண்டும்: கிருமி பார்க்கும் ஃபிசிக்ஸ்காரி நான் ஒருத்தி மட்டுமில்லை.

கடல் பாக்டீரியா சிலவற்றுக்கு ஒற்றை வால். அது எப்படித் திரும்பும்? 2013-இல் ரோமன் ஸ்டாக்கரின் குழு அதை வேகப் படக்கருவியில் பிடித்தது. வாலையும் உடலையும் இணைக்கும் கொக்கி மெலிந்தது. பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்த பாக்டீரியா முன்னோக்கி உந்தத் தொடங்கியதும், அழுத்தம் தாங்காமல் அந்தக் கொக்கி சட்டென்று மடங்குகிறது. தடிமன் இல்லாத ஸ்ட்ராவை இளநீர் மூடியில் குத்தும்போது நடுவில் வளைந்துகொள்ளுமே, அதேதான். நமக்கு அது எரிச்சல். பாக்டீரியாவுக்கு அதுதான் ஸ்டியரிங்.

சரி, எந்தப் பக்கம் திரும்புவது? கண் இல்லை, மூக்கு இல்லை. உடலோ மிகச் சிறியது என்பதால் முன்பக்கம் மணம் அதிகமா, பின்பக்கம் அதிகமா என்று ஒப்பிடுவதும் பயன்படாது. அதனால் காலத்தை ஒப்பிடுகிறது. இப்போது இருக்கும் சத்தின் அளவு, ஒரு நொடி முன்னால் இருந்ததைவிடக் கூடியிருந்தால் அதே திசையில் போ; குறைந்திருந்தால் திரும்பு. நாசி கண்டார் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொன்னால் நாமும் இதைத்தான் செய்வோம்.

## கோப்பி ஓ-வின் அடியில் சீனி

பாக்டீரியா உணவைத் தேடிப் போகிறது என்றேன். அதைவிட அடிக்கடி நடப்பது, உணவு பாக்டீரியாவைத் தேடி வருவது. எப்படி வருகிறது?

கோப்பி ஓ-வில் சீனி போட்டுக் கிளறாமல் வைத்துவிடுங்கள். சூட்டில் எழும் சுழல் எல்லாம் அடங்கிய பிறகும், அடியிலிருக்கும் சீனி மெல்ல மெல்ல மேலே பரவும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டி மோதித் திசையில்லாமல் அலைவதால் நடக்கும் இந்தப் பரவலுக்கு விரவல் என்று பெயர். நான்காம் படிவத்தில் மலாய் மொழியில் 'ரெசாப்பான்' என்று படித்தோமே, அதுதான். தமிழில் என்ன சொல்வது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

விரவலைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். சீனி மாதிரியான ஒரு மூலக்கூறு அசையாத தண்ணீரில் ஒரு மைக்ரோமீட்டர் போக, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டர் போகக் கால்மணி நேரம். ஒரு சென்டிமீட்டர் போக ஏறக்குறைய ஒரு நாள். ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய 30 ஆண்டு. நம் அளவில் விரவல் உபயோகமில்லாத சோம்பேறி. பாக்டீரியாவின் அளவில் அதைவிட வேகமான அஞ்சல்காரர் கிடையாது.

"கடலில்தான் எப்போதும் அலை அடிக்கிறதே, அது கிளறிவிடாதா?" என்று கேட்பீர்கள். கிளறும். ஆனால் பெரிய சுழல் சிறிய சுழலாக உடைந்து உடைந்து, மில்லிமீட்டர் அளவுக்கு வரும்போது பாகுத்தன்மை அதை அடக்கிவிடுகிறது. அதற்குக் கீழே கடலிலும் அமைதிதான். மேலே புயலே அடித்தாலும், ஒரு பாக்டீரியா தன்னைச் சுற்றியிருக்கும் துளி நீரோடு சேர்ந்து போகுமே தவிர, அந்தத் துளிக்குள் அதற்குக் கிளறல் தெரியாது. கலப்பது என்பது நாம் நினைக்கிற மாதிரி தானாக நடப்பதும் இல்லை. பந்தாய் கெராச்சுட் ஏரிக்கு நடந்து போனவர்கள் பார்த்திருப்பார்கள்: அடியில் கனமான கடல்நீர், மேலே இலேசான நன்னீர், இரண்டும் அருகருகே இருந்தும் கலக்காமல் அடுக்காகக் கிடக்கும். தேசியப் பூங்காவின் அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போய்விடாமல் ஒருநிமிடம் நின்று பாருங்கள். வறண்ட மாதங்களில் போனால் ஏரியே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விரவலை நம்பி வாழ்பவர்களுக்குச் சிறிதாக இருப்பதே வசதி. வெல்லக்கட்டியைவிடப் பொடித்த வெல்லம் சீக்கிரம் கரைவதற்குக் காரணம், உள்ளிருக்கும் பொருளுக்கு அதிகமான மேற்பரப்பு கிடைப்பது. கிருமிக்கு அதே கணக்கு எதிர்த்திசையில்: உடல் சிறுத்தால், ஊட்ட வேண்டிய வயிற்றுக்கு உறிஞ்சும் தோல் அதிகம். நடுக்கடலின் தெளிந்த நீரில் சத்து மிகக் குறைவு. அங்கே கோலோச்சுவது புரோகுளோரோகாக்கஸ் என்ற ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அளவு 0.6 மைக்ரோமீட்டர்தான். பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டதை 1988-இல்தான் சாலி சிசோமும் ராபர்ட் ஓல்சனும் அவர்களுடைய குழுவினரும் உலகுக்கு அறிவித்தார்கள்.

அதைப் பிடித்தது நுண்ணோக்கி இல்லை. டோல் சாவடி மாதிரியான ஒரு கருவி. கடல்நீரை மெல்லிய இழையாக ஓடவிட்டு, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் அனுப்புவார்கள். வண்டி கடக்கும்போது சாவடி எண்ணிக்கொள்வது போல, செல் கடக்கும்போது சிதறும் ஒளியையும் அது விடும் சிவப்பு மினுக்கத்தையும் கருவி குறித்துக்கொள்ளும். மிக மங்கலாக வந்த சிவப்புப் புள்ளிகளை முதலில் கருவியின் இரைச்சல் என்றே நினைத்தார்களாம். இந்தக் கதையை ஒவ்வொரு முறை என் கருவி இரைச்சல் காட்டும்போதும் நினைத்துக்கொள்வேன். என் விஷயத்தில் இதுவரை அது இரைச்சல்தான். பினாங்கின் கலங்கிய கரையோர நீரில் புரோகுளோரோகாக்கஸைத் தேட வேண்டாம்; இது சத்து நிறைந்த பணக்காரத் தண்ணீர், இங்கே வேறு ஆட்கள்.

இங்கே ஒரு பொய்க்கணக்கையும் தீர்த்துவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வருகிறது. "நாம் விடும் மூச்சில் பாதி கடல் தருவது." பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில் நடக்கிறது, அது சரி. ஆனால் அப்படி உருவாகும் ஆக்ஸிஜனை ஏறக்குறைய முழுவதையும் அதே கடலில் வாழும் மற்ற உயிர்கள் சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. சம்பளம் பெரிதுதான், மிச்சம் மிகச் சொற்பம். காற்றில் இன்று இருக்கும் 21 சதவீத ஆக்ஸிஜன், அந்தச் சொற்ப மிச்சம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு.

இதுவரை பார்த்தது: கடல் கிருமிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கின்றன, அவற்றுக்குத் தண்ணீர் பாகு, உணவு விரவலில் வருகிறது. இனி அவை ஒன்றுகூடும் இடத்துக்குப் போகலாம்.

## இறால் ஓடு எங்கே போகிறது

அம்மா இறால் சம்பல் செய்யும் நாட்களில் எங்கள் வீட்டுக் குப்பைக் கூடை ஓட்டால் நிறைந்துவிடும். கடலில் இறாலும் நண்டும் கண்ணுக்குத் தெரியாத அவற்றின் சின்னஞ்சிறு உறவினர்களும் காலங்காலமாக ஓடு உரிக்கின்றன. அப்படியானால் கடலடி முழுக்க ஓட்டு மலையாக இருக்க வேண்டுமே? இல்லை. யாரோ தின்றுவிடுகிறார்கள்.

ஓட்டின் முக்கியப் பொருள் கைட்டின். சர்க்கரை மணிகளைக் கோத்த நீண்ட சங்கிலி அது. அந்தச் சங்கிலி பாக்டீரியாவின் வாய்க்குள் நுழையாது, வாயே கிடையாது. அதனால் சில பாக்டீரியாக்கள் நொதி என்ற வெட்டுக்கத்தியைத் தம் உடலுக்கு வெளியே விடுகின்றன. நொதி சங்கிலியை வெட்டும், மணிகள் உதிரும், உதிர்ந்ததை உறிஞ்சிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், உதிர்ந்த மணி வெட்டியவரிடமே வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்பு பார்த்த விரவல்தான் அதைக் கொண்டுபோகிறது. ஒரு மைக்ரோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். கல்யாண வீட்டில் சமைத்தவர் கைகழுவி வருவதற்குள் பந்தி முடிந்துவிடும் கதை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெஃப் கோர் என்ற இயற்பியலாளரும் ஓட்டோ கோர்டேரோ முதலிய நுண்ணுயிர் ஆய்வாளர்களும் சேர்ந்து இதை நேரில் பார்க்க ஓர் எளிய வழி செய்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளியானது. கைட்டினால் ஆன மிகச் சிறிய மணிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தப்பொருள். மாசசூசெட்ஸ் கரைக் கடல்நீரில் அவற்றைப் போட்டுவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை காந்தத்தால் இழுத்தெடுத்து, மேலே யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்று மரபணுவைப் படித்தார்கள். முதலில் வந்தவர்கள் வேகமாக நீந்திச் சட்டென்று ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள். அடுத்து கைட்டினை வெட்டத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். அதன் பிறகு வந்தவர்கள்தான் சுவாரசியம். கைட்டினை வெட்டவே தெரியாதவர்கள் அவர்கள். முன்னவர்கள் சிந்தியதையும் கழித்ததையும் தின்றே பெருகி, கடைசியில் வெட்டியவர்களையே ஓரங்கட்டிவிட்டார்கள்.

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் ஒரு கடைத்தெருதான் ஞாபகம் வந்தது. எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன்.

நாங்கள் இதை நுண்ணுயிர்ச் சமூகம் என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. சமூகம் என்றதும் ஒற்றுமை, பொதுநலம், சங்கக் கூட்டம் எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. "நல்ல கிருமிகள் ஒன்றுசேர்ந்து பாடுபடும்" என்று மாமா நம்புவதற்கு அந்தச் சொல்லும் காரணம். ஒரே இடத்தில் வாழ்ந்து, ஒருவர் செய்வது மற்றவரைப் பாதிக்கிறது என்பதுதான் அதன் முழுப்பொருள். உதவியும் இருக்கலாம், திருட்டும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டையும் பிரித்துச் சொல்வதே கடினம்.

இந்த மணிகளின் இயற்கை வடிவம் கடற்பனி. செத்த பாசி, கழிவு, ஓட்டுத்துண்டு எல்லாம் கோழையில் ஒட்டித் திரண்டு, வெள்ளைத் துகளாக ஆழத்தை நோக்கி விழுந்துகொண்டே இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் வரை இறங்கும். நாளுக்கு 100 மீட்டர் என்று வைத்தால், கடலின் சராசரி ஆழமான 3,700 மீட்டரை எட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மேலே ஒட்டியிருப்பவர்கள் தின்றுவிட்டால், அதிலிருந்த கரி கரியமில வாயுவாகி மீண்டும் நீரில் கலக்கும். தின்பதற்குள் அடியை எட்டிவிட்டால் வெகுகாலத்துக்குக் காற்றுப் பக்கமே வராது. விழும் வேகத்துக்கும் தின்னும் வேகத்துக்கும் நடக்கும் பந்தயம் அது.

## போத்தலுக்குள் கெட்டுப்போன கடல்

என் வேலைநாள் எப்படி என்று கேட்கிறவர்கள் படகு, முக்குளிப்பு, நீலக்கடல் எல்லாம் எதிர்பார்க்கிறார்கள். வருடத்தில் சில நாள் அதுவும் உண்டு. மற்றபடி கணினி, குழாய், காத்திருப்பு. உயிரியல் படித்த தோழிகள் ஒரு பாக்டீரியாவைப் பார்த்ததும் "இது யார், எந்தக் குடும்பம்" என்று கேட்பார்கள். நான் "எத்தனை, எவ்வளவு வேகம்" என்று கேட்பேன். முதல் வருடம் இருவருக்கும் பேச்சே ஒத்துவரவில்லை.

அந்த வருடம்தான் எனக்குச் சூடு கிடைத்தது. தெலுக் பஹாங்கில் காலையில் நீர் அள்ளினேன். திரும்பும் வழியில் பெரிய ஜாம். ஐஸ் பெட்டி கொண்டுபோகவில்லை. "தண்ணீர்தானே" என்ற எண்ணம். மறுநாள் எண்ணிப் பார்த்தால் விசித்திரமான முடிவு, எங்கோ கிடந்த ஓர் இனம் தடதடவென்று பெருகியிருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "நீ அளந்தது கடலை இல்லை, உன் போத்தலை" என்றார். கடல்நீரைப் போத்தலில் அடைத்தவுடனே சுவரில் ஒட்டி வளர்பவர்களுக்கு வாய்ப்பு. சூடு ஏறினால் இன்னும் வாய்ப்பு. ஒரு நாளுக்குள் உள்ளே வேறு ஊர்.

அந்த அவமானத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். யார் பெருகுவார்கள் என்பதை, யாரை உள்ளே விட்டோம் என்பதைவிட, உள்ளே என்ன நிலைமை என்பதுதான் முடிவுசெய்கிறது.

## மாமாவின் உருண்டை

இப்போது கணக்கைப் போடலாம். ஓர் உருண்டையில் 10,000 கோடி உயிருள்ள கிருமிகள் என்று மிகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். 10 லட்சம் உருண்டை. மொத்தம், ஒன்றுக்குப் பின்னால் 17 சுழியம்.

அடுத்து, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நீர்: 10 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்று பெருக்கினால், அதில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா மூன்றுக்குப் பின்னால் 20 சுழியம். வந்த விருந்தாளி ஒருவருக்கு ஊர்க்காரர்கள் 3,000 பேர். அதுவும் தண்ணீரில் மட்டும். உருண்டை போய் விழுவதோ சேற்றில். ஒரு கன சென்டிமீட்டர் கடற்சேற்றில் 100 கோடி அளவில் பாக்டீரியா இருக்கும், தண்ணீரைப் போல ஆயிரம் மடங்கு. தினமும் இரண்டு முறை ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் மாறிக்கொண்டே இருப்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் தோற்றுவிடும் என்று சொல்லமுடியாது. ஒரே ஒரு செல்கூட நிலைமை சாதகமாக இருந்தால் பெருகிவிடும். என் போத்தலில் நடந்ததும் அதுதான். ஆனால் ஈ.எம். கரைசலில் பெரும்பாலும் இருப்பவை புளிக்கவைக்கும் பாக்டீரியா, ஈஸ்ட் மாதிரியானவை. சர்க்கரைப்பாகில் வளர்ந்து பழகியவை. அவற்றை உப்பு நீரில், சேற்றில், அங்கேயே பரம்பரையாக வாழும் ஆட்களுக்கு நடுவில் இறக்குகிறோம். எந்த நிலைமையும் அவற்றின் பக்கம் இல்லை. சேறு மாறவேண்டுமானால் சேற்றுக்குள் வந்து விழுவது மாறவேண்டும். சுங்கை பினாங்கு மாதிரியான ஆறுகள் சுமந்து வரும் கழிவு குறைந்தால் அங்கே வேறு கிருமிகள் தாமாகவே பெருகும், யாரும் எறிய வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் உருண்டைகள் ஒன்றுமே செய்யவில்லையா? செய்திருக்கும். உருண்டைக்குள் வேறென்ன இருந்தது என்று நினைவிருக்கிறதா? தவிடு. கரும்புப் பாகு. இரண்டும் நல்ல உணவு. சேற்றில் விழுந்த ஒவ்வோர் உருண்டையும், கைட்டின் மணி மாதிரி, ஊர்க்காரர்கள் ஓடி வந்து மொய்க்கும் ஒரு தீனித்துண்டு. முதலில் ஒட்டத் தெரிந்தவர், பிறகு வெட்டத் தெரிந்தவர், பிறகு சிந்தியதைத் தின்பவர். தின்னும்போது ஆக்ஸிஜனையும் சேர்த்துச் செலவழிப்பார்கள். ஏற்கெனவே கழிவு மிகுந்து ஆக்ஸிஜன் குறைந்த சேற்றுக்கு மேலும் உணவு கொடுப்பது சுத்தம் செய்வதில் சேருமா என்பது தனிக்கேள்வி.

இதையெல்லாம் போன மாதம் மாமா வீட்டில், ஒரு காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். சுழியங்களை அவரே விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். மூவாயிரத்துக்கு ஒன்று என்ற இடத்தில் "ம்ம்" என்றார். தவிட்டுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நாங்க கடலுக்கு அன்னதானம் போட்டிருக்கோம்னு சொல்ற."

கணக்குப்படி ஆமாம் மாமா என்றேன்.

"எத்தனை பேரு சாப்பிட்டிருப்பாங்க?" என்று கேட்டார். காலண்டரில் அதற்கு இடம் பற்றவில்லை.